தலைக்குமேல் ஒரு சிறிய எண்: விஞ்ஞானமுறைக் குறிப்பீடு வந்த வரலாறு

எமது பழைய மாணவிகள் சங்கத்துக்கு இவ்வாண்டு நூறு வயது. நூறு என்பதை 100 என்று எழுதலாம். 10² என்றும் எழுதலாம். இரண்டாவது வடிவத்தை நாம் எல்லோரும் பாடசாலைக் கணித வகுப்பிலேதான் முதலிற் கண்டோம். ஒன்று முதல் பத்துக்குக் குறைந்த ஓர் எண்ணை எழுதி, அதனைப் பத்தின் ஒரு வலுவாற் பெருக்கிக் காட்டும் முறைக்கு விஞ்ஞானமுறைக் குறிப்பீடு என்று பெயர் சொல்லித் தந்தார்கள். ஒளி ஒரு செக்கனிற் செல்லும் தூரம் ஏறத்தாழ 300,000,000 மீற்றர். அதாவது 3 × 10⁸ மீற்றர். எமது குருதியிலுள்ள ஒரு செங்குழியத்தின் விட்டம் ஏறத்தாழ 0.000007 மீற்றர், அதாவது 7 × 10⁻⁶ மீற்றர்.

பரீட்சை முடிந்ததும் பலர் இதனை மறந்திருப்பீர்கள். வைத்தியத் தொழிலுக்கு வந்தவர்களால் மறக்க முடிவதில்லை. இன்று எமது பழைய மாணவிகள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் மெல்பேணிலும் வாழ்கின்றார்கள். ஊரிலுள்ள தாயின் குருதிப் பரிசோதனை அறிக்கை கைத்தொலைபேசியிற் படமாக வருகின்றது. பார்ப்பவர் முன்னால் நிற்கும் எண்ணை மட்டும் பார்க்கின்றார். அதன் பின்னால் நிற்கும் பத்தையும் பத்தின் தலைக்குமேல் நிற்கும் சிறிய எண்ணையும் பார்ப்பதில்லை. ஆனால், ஓர் எண் எவ்வளவு பெரிது என்பதைச் சொல்வது அந்தச் சிறிய எண்தான். அது அந்த இடத்துக்கு வந்து சேர இரண்டாயிரம் ஆண்டுகள் சென்றன. அந்த வரலாற்றையே இங்கு சுருக்கமாகச் சொல்ல விரும்புகின்றேன்.

பெயர் வைத்து எண்ணிய காலம்

பெரிய எண்ணையும் சிறிய எண்ணையும் சொல்வதற்கு மனிதர் முதலிற் கண்ட வழி, ஒவ்வோர் அளவுக்கும் ஒரு பெயர் வைப்பது. இதில் எமது முன்னோர் எவருக்கும் பின்நிற்கவில்லை. பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் தமிழில் தனித்தனிக் குறிகள் இருந்தன. ஆயிரத்துக்கு மேலே இலட்சம், கோடி என்று பெயர்கள் ஏறின. ஒன்றுக்குக் கீழேயும் பெயர்கள் இறங்கின: அரை, கால், அரைக்கால், மா, காணி, முந்திரி. மா என்பது இருபதில் ஒன்று. காணி என்பது எண்பதில் ஒன்று. முந்திரி என்பது 320 இல் ஒன்று. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் இவற்றை எண்சுவடியிற் படித்து மனனஞ் செய்தார்கள்.

முந்திரிக்குக் கீழே போகவேண்டி வந்தபோது அவர்கள் செய்தது கவனிக்கத்தக்கது. புதிதாக ஒரு பெயரைத் தேடாமல், இருந்த பெயருக்கு முன்னால் 'கீழ்' என்ற சொல்லைச் சேர்த்தார்கள். 'கீழ்' என்றால் மேலும் 320 இல் ஒரு பங்கு. ஆகவே கீழ்முந்திரி என்பது 320 ஐ 320 ஆற் பெருக்கி வரும் 102,400 இல் ஒன்று. இன்றைய குறிப்பீட்டில் அது 320⁻². 'கீழ்' என்ற அந்த ஒரு சொல் ஏறக்குறைய ஒரு மறைச் சுட்டியின் வேலையைச் செய்தது. எனினும் அது மேலும் மேலும் அடுக்கிச் செல்லும் ஒரு விதியாக வளரவில்லை. அதற்குக் கீழே மீண்டும் இம்மி முதலான புதுப் பெயர்கள் வந்தன. கணக்குப் போய்விட்டது, "இம்மியளவும் விடமாட்டேன்" என்ற பேச்சு மட்டும் எம்மிடம் தங்கிவிட்டது.

வடமொழிப் பௌத்த நூலாகிய இலலிதவிஸ்தரத்திலும் இவ்வாறான ஒரு பெயர்வரிசை உண்டு. இளம் போதிசத்துவர் ஒரு கணிதவல்லுனரின் முன் கோடியிலிருந்து தொடங்கி, நூறு நூறு மடங்காக ஏறும் எண்களுக்குப் பெயர் சொல்லிச் செல்கின்றார். இன்றைய குறிப்பீட்டில் 10⁵³ வரை அந்த வரிசை போகின்றது. வியப்புக்குரிய நினைவாற்றல்தான். ஆனால் பெயர்களை மனனஞ் செய்த ஒருவருக்கே அது பயன்படும். இரண்டு பெயர்களைப் பெருக்கினால் எந்தப் பெயர் வரும் என்பதைப் பெயரைப் பார்த்துச் சொல்ல முடியாது.

ஆக்கிமிடீஸின் மணல்

கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் சிராக்கியூஸ் நகரில் வாழ்ந்த ஆக்கிமிடீஸ் அந்நகர மன்னன் கெலோனுக்கு ஒரு சிறுநூல் எழுதினார். அதனை மணற்கணக்கு எனலாம். மணல் எண்ணிலடங்காதது என்று பலர் நம்புகின்றார்கள். அது தவறு என்று காட்டுகின்றேன் என அவர் தொடங்குகின்றார். கடற்கரை மணலோடு அவர் நிற்கவில்லை. முழு அண்டத்தையும் மணலால் நிரப்பினாலும் எத்தனை மணிகள் என்று சொல்லலாம் என்றார்.

கிரேக்க மொழியில் அக்காலத்துப் பெரிய எண்ணுப்பெயர் மிரியட், அது பத்தாயிரம். பத்தாயிரம் பத்தாயிரத்தைச் சேர்த்தால் நூறு மில்லியன், அதாவது 10⁸. ஆக்கிமிடீஸ் இந்த 10⁸ ஐ ஒரு படியாக எடுத்தார். அதுவரையிலான எண்கள் முதலாம் படி. 10⁸ ஐ ஓர் அலகாகக் கொண்டு மீண்டும் எண்ணினால் இரண்டாம் படி. அதன் முடிவை அலகாகக் கொண்டால் மூன்றாம் படி. ஒவ்வொரு படிக்கும் புதுப் பெயர் வேண்டியதில்லை. எத்தனையாம் படி என்ற எண் போதும். பெயர் இருந்த இடத்தில் ஓர் எண் வந்து அமர்ந்தது.

பின்னர் கணக்குத் தொடங்கியது. ஒரு கசகசா விதையின் அளவில் பத்தாயிரத்துக்கு மேற்படாத மணிகள். ஒரு விரலின் அகலத்துக்கு நாற்பது விதைகள். இப்படியே ஏறி, சூரியனை நடுவில் வைத்து அரிஸ்தாக்கஸ் கூறிய மிகப் பெரிய அண்டம்வரை சென்றார். விடை: எட்டாம் படியில் பத்து மில்லியன் அலகுகளுக்கு உட்பட்ட தொகை. நாம் இன்று 10⁶³ என்று எழுதுவது அதுவே. இந்த நூலிலே இன்னொரு செய்தியும் உண்டு. ஒன்றிலிருந்து தொடங்கும் பெருக்கல் வரிசையில் இரண்டு உறுப்புகளைப் பெருக்கினால், விடை எந்த இடத்தில் விழும் என்பதை அவற்றின் இடங்களைக் கூட்டி அறியலாம் என்று அவர் காட்டினார். பெருக்கும்போது சுட்டிகளைக் கூட்டவேண்டும் என்று நாம் படித்த விதியின் வித்து அதுதான்.

வைத்தியம் படித்த இருவர்

சுட்டியை எண்ணின் தலைக்குமேல் ஏற்றி எழுதியவர்களில் முன்னோடி, வைத்தியம் படித்த ஒரு பிரெஞ்சுக்காரர் என்பதை வாசித்தபோது எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி. அவர் பெயர் நிக்கொலா சுக்கே. லியோன் நகரில் வாழ்ந்த அவர் 1484 இல் எண்களின் விஞ்ஞானம் பற்றி ஒரு பெரிய கைநூலை எழுதினார். தெரியாக் கணியத்தின் மூன்றாம் வலுவைப் பன்னிரண்டு மடங்கு என்று சொல்லவேண்டிய இடத்தில் 12 என எழுதி அதன்மேல் ஒரு சிறிய 3 ஐ வைத்தார். பூச்சியத்தையும் அவ்வாறு மேலே வைத்தார்; மறை எண்ணையும் வைத்தார். ஆனால் அந்நூல் 1880 வரை அச்சேறவில்லை. ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் அது கையெழுத்துப் பிரதியாகவே கிடந்தது.

மற்றவர் வேல்ஸைச் சேர்ந்த றொபேட் றெக்கோட். அவரும் வைத்தியரே. இன்று நாம் எழுதும் சமக் குறியை 1557 இல் வெளியிட்ட தம் நூலில் அறிமுகஞ் செய்தவர். சமன் என்பதற்குக் குறி கண்ட அவரே வலுக்களைச் சொல்லப் பழைய பெயர்களையே பயன்படுத்தினார். எட்டாம் வலுவுக்கு அந்நூலில் உள்ள பெயர் சென்சிசென்சிசென்சிக். வாய்விட்டு ஒருமுறை சொல்லிப் பாருங்கள். தலைமேல் ஏறிய 8 எத்தனை பெரிய உதவி என்பது விளங்கும்.

இடையில், 1544 இல், ஜேர்மனியின் மிக்கேல் ஸ்டிவெல் ஓர் எளிய அட்டவணையை அச்சிட்டார். மேல்வரிசையில் −3 முதல் 6 வரை; கீழ்வரிசையில் அவற்றுக்கு நேரே எட்டிலொன்று, காலொன்று, அரை, ஒன்று, இரண்டு, நான்கு என 64 வரை. மேலே கூட்டினால் கீழே பெருகும். மேலே கழித்தால் கீழே வகுபடும். 1637 இல் தெக்காட்டு தம் கேத்திரகணித நூலில் வலுக்களை இன்று நாம் எழுதும் வடிவில் எழுதினார். 1676 இல் நியூற்றன் இலைபினிற்சுக்குப் போய்ச்சேரும்படி எழுதிய கடிதங்களில் மறைச் சுட்டிகளும் பின்னச் சுட்டிகளும் தயக்கமின்றி நடமாடின.

மடக்கை அட்டவணைக்குள் மறைந்திருந்தது

கருவி தயாராகிவிட்டது. ஆனால் பத்தின் வலுவை எடுத்து அன்றாட அளவுகளை எழுதும் பழக்கம் உடனே வரவில்லை. அது முதலில் மடக்கை அட்டவணைக்குள் மறைந்திருந்தது.

1614 இல் ஸ்கொட்லாந்தின் யோன் நேப்பியர் மடக்கைகளை வெளியிட்டார். ஹென்றி பிறிக்ஸ் அவரைத் தேடிச் சென்று பேசியதன் பின் பத்தை அடியாகக் கொண்ட மடக்கைகள் பிறந்தன. 2 இன் மடக்கை 0.3010, 2,000 இன் மடக்கை 3.3010. தசமப் பகுதி இரண்டிலும் ஒன்றே. முன்னால் உள்ள 3 மட்டும் வேறு. சிறப்பியல்பு என்று நாம் படித்த அந்த 3, வேறொன்றுமல்ல: 2 × 10³ என்பதன் சுட்டி. 0.002 ஆனால் 3 இன் தலையில் ஒரு கோடு போட்டோம். அது மறைச் சுட்டி. மின்சாரமும் இல்லை, பற்றரியும் இல்லை என்றிருந்த ஆண்டுகளில் மண்ணெண்ணெய் விளக்கின் ஒளியில் மடக்கை அட்டவணையைப் புரட்டிய எமது தலைமுறை, பெயர் தெரியாமலே விஞ்ஞானமுறைக் குறிப்பீட்டில் நீந்திக்கொண்டிருந்தது.

பௌதிகவியலாளருக்கு வந்த தேவை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் விஞ்ஞானிகள் மிகச் சிறியவற்றையும் மிகப் பெரியவற்றையும் ஒரே தாளில் எழுதவேண்டியவர்களானார்கள். 1865 இல் வியன்னாவின் யோசெப் லொஷ்மிற் வளியின் மூலக்கூறு ஒன்றின் விட்டத்தைக் கணித்தார். ஒரு மில்லிமீற்றரின் மில்லியனில் ஒரு பங்களவு, அதாவது 10⁻⁹ மீற்றர். பூச்சியங்களை வரிசையாக எழுதினால் எழுதுபவரும் தவறுவார், வாசிப்பவரும் தவறுவார்.

1873 இல் பிரித்தானிய விஞ்ஞான முன்னேற்றச் சங்கத்தின் ஒரு குழு அலகுகள் பற்றி அறிக்கை தந்தது. வில்லியம் தொம்சன், மக்ஸ்வெல் போன்ற பெரியோர் அதில் இருந்தனர். அக்குழுவின் உறுப்பினரான அயர்லாந்துக்காரர் ஸ்டோனியின் யோசனை ஒன்றை அறிக்கை பரிந்துரைத்தது. 10⁹ கிராமைக் 'கிராம்-ஒன்பது' என்பது. 10⁻⁹ கிராமை 'ஒன்பதாம்-கிராம்' என்பது. பூமியின் துருவத்திலிருந்து மத்தியகோடு வரையிலான தூரம் ஏறத்தாழ 'மீற்றர்-ஏழு'. அழகான யோசனைதான். ஆயினும் வழக்கில் நிலைக்கவில்லை. நிலைத்தவை இரண்டு: ஒன்று, தலைமேல் எழுதும் சுட்டி, மற்றது, மெகா, மைக்ரோ போன்ற முன்னொட்டுகள். 1960 இல் சர்வதேச அலகுமுறை உருவானபோது இம்முன்னொட்டுகள் பிக்கோ முதல் தெரா வரை ஒழுங்காயின. 2022 இல் 10³⁰ வரைக்கும் 10⁻³⁰ வரைக்கும் அவை நீண்டன. நாம் உயர்தர வகுப்பில் மனனஞ் செய்த அவகாதரோ எண்ணும் 2019 இல் 6.02214076 × 10²³ என்று சரிநுட்பமாக நிலைநிறுத்தப்பட்டது.

பெயர்களை நம்பமுடியாது என்பதற்கு ஒரு சான்று பில்லியன். சுக்கேயின் அதே கைநூலில் பில்லியன் என்ற சொல்லும் இருக்கின்றது. அங்கு அதன் பொருள் மில்லியன் மில்லியன், அதாவது 10¹². பின்னர் அமெரிக்காவில் அது ஆயிரம் மில்லியன், 10⁹ ஆயிற்று. பிரித்தானியா நெடுங்காலம் பழைய பொருளை வைத்திருந்து, 1974 இல் அரச புள்ளிவிபரங்களுக்குப் புதிய பொருளை ஏற்றது. எமது பாட்டிமார் படித்த ஆங்கிலப் புத்தகத்தின் பில்லியனும் இன்றைய பத்திரிகையின் பில்லியனும் ஆயிரம் மடங்கு வேறுபடலாம். சுக்கேயின் சொல் வழிதவறிப் போயிற்று. அவர் தலைமேல் ஏற்றிய எண் வழிதவறவில்லை.

வைத்தியசாலையில்

1977 இல் உலக சுகாதாரச் சபை, சர்வதேச அலகுமுறையை மருத்துவத்திற் பின்பற்றுமாறு பரிந்துரைத்தது. பல நாடுகளின் ஆய்வுகூடங்கள் குருதிக் கலங்களை ஒரு லீற்றருக்கு எத்தனை என்று எழுதத் தொடங்கின. வேறு பல பழைய முறையிலேயே நின்றன. அதன் விளைவை எமது பழைய மாணவிகளின் குடும்பங்கள் இன்று அனுபவிக்கின்றன. குருதிச் சிறுதட்டுகளின் ஒரே எண்ணிக்கை நான்கு வடிவங்களில் வரலாம்:

ஒரு லீற்றருக்கு 150 × 10⁹.
ஒரு மைக்ரோலீற்றருக்கு 150 × 10³.
ஒரு கன மில்லிமீற்றருக்கு 150,000.
இந்திய ஆய்வுகூடங்கள் பலவற்றில் 1.5 இலட்சம்.

நான்கும் ஒன்றே. கன மில்லிமீற்றரும் மைக்ரோலீற்றரும் ஒரே கொள்ளளவு. ஒரு லீற்றரில் அவை 10⁶ உண்டு. 10³ ஐ 10⁶ ஆற் பெருக்கினால், சுட்டிகளைக் கூட்டி 10⁹. ஆக்கிமிடீஸின் விதி இன்றும் வேலை செய்கின்றது. கணித ஆசிரியை கண்டிப்பாக 1.5 × 10¹¹ என்று எழுதச் சொல்வார். வைத்தியர்கள் வேண்டுமென்றே சுட்டியை 9 இல் நிறுத்தி வைக்கின்றோம். நேற்று 150, இன்று 98, நாளை 60 என்று ஒப்பிடும்போது முன்னெண்ணை மட்டும் பார்த்தாற் போதும் என்பதற்காக. டெங்குக் காலத்தில் இந்த ஒப்பீடு உயிரோடு சம்பந்தப்பட்டது.

இங்கேதான் ஆபத்தும் உண்டு. 98 × 10⁹ என்பதைக் குறுஞ்செய்தியாகத் தட்டச்சுச் செய்யும்போது சுட்டி கீழே இறங்கி 98 × 109 ஆகிவிடுகின்றது. கணினியின் ஆரம்பகாலத்திலேயே இந்தச் சிக்கல் தெரிந்திருந்தது. மேலேற்றி அச்சிட வழியில்லாத இயந்திரங்களுக்காக, 1950களில் வந்த போட்ரான் கணினிமொழியில் சுட்டிக்கு முன்னால் 'ஈ' என்ற ஆங்கில எழுத்தை இட்டார்கள். கணிகருவிகளில் இன்றும் அந்த எழுத்தைக் காணலாம். நாம் அனுப்பும் குறுஞ்செய்தியில் அந்தக் காவலும் இல்லை.

சுட்டி முழுதாக மறைந்து நிற்கும் இடமும் உண்டு. 1909 இல் கோப்பன்ஹேகனில் கார்ல்ஸ்பேர்க் ஆய்வுகூடத்தின் சோரென்சன் பீ.எச். அளவைத் தந்தார். ஐதரசன் அயனின் செறிவைப் பத்தின் வலுவாக எழுதி, அந்தச் சுட்டியின் மறைக்குறியை நீக்கி, சுட்டியை மட்டும் சொல்வதே அது. குருதியின் பீ.எச். 7.4 எனின் செறிவு லீற்றருக்கு ஏறத்தாழ 4 × 10⁻⁸ மூல். கடுமையான நீரிழிவு நோயாளி ஒருவரில் அது 7.1 ஆக இறங்கினால் உறவினருக்கு 0.3 வித்தியாசமாகவே தெரியும். உண்மையில் செறிவு 8 × 10⁻⁸ ஆகி, இரு மடங்காகிவிட்டது. நாங்கள் ஏன் விரைகின்றோம் என்பதற்கு விடை அந்தச் சுட்டியில் இருக்கின்றது.

மருந்திலும் அவ்வாறே. எம்மிற் பலர் இப்போது தைரொக்சின் குளிசை எடுக்கும் வயதில் இருக்கின்றோம். 50 மைக்ரோகிராம் என்பது 0.05 மில்லிகிராம். மைக்ரோவை மில்லியாக வாசித்தால் பிழை ஆயிரம் மடங்கு. 1.0 என்று எழுதினால் புள்ளி தெரியாமல் 10 ஆகலாம்; .5 என்று எழுதினால் 5 ஆகலாம். ஆகவே 1 என்று எழுது, 0.5 என்று எழுது, மைக்ரோகிராமைச் சுருக்காமல் முழுச் சொல்லாக எழுது என்று எமது மாணவர்களுக்குச் சொல்கின்றோம். குழந்தைகளுக்கான மருந்தளவிற் பத்து மடங்குப் பிழை என்பது உலகெங்கும் வைத்தியர்களும் தாதியரும் அஞ்சும் பிழை. 4 க்குப் பதிலாக 5 என்று எழுதினால் பெரும்பாலும் திருத்தலாம். சுட்டியில் ஒன்று பிசகினால் திருத்த நேரம் இருக்காது.

ஆகவே, எங்கே வாழ்ந்தாலும், பெற்றோரின் அறிக்கை ஒன்று உங்கள் கைக்கு வரும்போது மூன்றைச் சேர்த்தே வாசியுங்கள்: முன்னெண், பத்தின் தலைமேல் உள்ள சிறிய எண், பின்னால் உள்ள அலகு. ஒரு நாட்டு அறிக்கையை இன்னொரு நாட்டு அறிக்கையுடன் ஒப்பிடுமுன் அலகு ஒன்றா என்று பாருங்கள். தொலைபேசியிற் சொல்லும்போது "தொண்ணூற்றெட்டு" என்று நிறுத்தாமல், "லீற்றருக்குத் தொண்ணூற்றெட்டுப் பெருக்கல் பத்தின் ஒன்பதாம் வலு" என்றோ, "தொண்ணூற்றெண்ணாயிரம்" என்று சொல்லி எந்த அளவுக்கு என்றோ முழுமையாகச் சொல்லுங்கள். எழுதி அனுப்புவதிலும் படமாக அனுப்புவது நல்லது. மிச்சத்தை நோயாளியைப் பார்க்கும் வைத்தியரிடம் விடுங்கள். ஆனால் அவரிடம் போய்ச் சேரும் எண் முழு எண்ணாக இருக்கட்டும்.